வாயும் வார்த்தையும்

எங்கள் வீட்டுக் கூடத்தில், டெலிவிஷனுக்குப் பின்னால், ஒரு சின்னக் கம்ப்யூட்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சின்னது என்றால் நிஜமாகவே சின்னது. ஒரு சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். ராஸ்பெரி பை என்று பெயர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில், பிள்ளைகள் கம்ப்யூட்டர் பழகட்டும் என்று யோசித்து, 2012-ல் 35 டாலர் விலை வைத்து விற்பனைக்கு விட்டார்கள். பிள்ளைகள் எவ்வளவு தூரம் பழகினார்களோ, பெரியவர்கள் பலபேர் அதை வாங்கி டெலிவிஷனில் மாட்டி சினிமாப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மனித சுபாவம் அப்படி.

எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தவன் என் அக்கா பிள்ளை. பெங்களூரில் வேலை. பாட்டி போன பிறகு தாத்தா சாயங்கால வேளையை எப்படித் தள்ளுவார் என்பது அவன் கவலை. ஒரு தீபாவளிக்கு வந்தவன், அப்பா வாங்கி அடுக்கி வைத்திருந்த பழைய படத் தட்டுகளையெல்லாம் பிரதி எடுத்து ஒரு டிஸ்கில் நிரப்பினான். அந்தச் சின்னப் பெட்டியில் 'கோடி' என்ற ஒரு புரோகிராமை ஏற்றினான்.

"எந்தக் கோடிடா? தெருக்கோடியா, ரூபாய்க் கோடியா?" என்று அப்பா கேட்டார்.

"உங்க சினிமாக் கொட்டாய் தாத்தா இது. நீங்கதான் முதலாளி" என்று சொல்லி ரிமோட்டை அவர் கையில் வைத்துவிட்டுப் பையன் ரயில் ஏறிவிட்டான்.

அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. காது மந்தம். டெலிவிஷனை அவர் வைக்கிற சத்தத்தில் எதிர்வீட்டு அம்மாள் பல படங்களின் வசனத்தை மனப்பாடமாகத் தெரிந்துகொண்டுவிட்டாள். அவள் குறைசொல்லவில்லை. ஆனால் அவள் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அதனால் பையனிடம் சொல்லி, தபாலில் ஒரு ஹெட்போன் வரவழைத்தோம். கம்பி கிடையாது. புளூடூத். காதில் மாட்டிக்கொண்டால் அப்பாவுக்கு மட்டும் கேட்கும். கூடம் நிசப்தமாக இருக்கும். அவர் தனியே சிரிப்பதும் தொடையில் தாளம் போடுவதும் மட்டும்தான் வெளியே தெரியும். வீட்டில் எல்லோருக்கும் பரம சந்தோஷம். நான் பல மாதத்துக்குப் பிறகு சாயங்காலத்தில் உட்கார்ந்து ஒரு அத்தியாயம் எழுதினேன்.

இந்தச் சந்தோஷம் நாலு நாள்.

ஐந்தாம் நாள் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். "தம்பி, வாய் ஒரு பக்கம் போவுது, பேச்சு ஒரு பக்கம் போவுது" என்றார்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். ஹெட்போனை அணைத்தேன். டெலிவிஷனிலிருந்து சத்தம் வந்தது. படத்தில் பேசுகிறவர் வாயைத் திறக்கும்போது பேச்சு வந்தது; மூடும்போது நின்றது. இதற்குமேல் என்ன வேண்டும்?

"சரியாத்தானேப்பா இருக்கு?"

அவரும் பார்த்தார். "ஆமா. இப்போ சரியா இருக்கு" என்றார். முகத்தில் ஒரு குழப்பம். நான் திரும்பி வந்து பேனாவை எடுத்தேன். அரைமணியில் மறுபடி வந்தார். "லூப்பு பெரிசா இருக்குடா தம்பி" என்றார்.

"எதுப்பா பெரிசா இருக்கு?"

"லூப்பு."

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே. நான் போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். அவரும் சரி என்று ஒப்புக்கொள்வார். நான் இந்தப் பக்கம் திரும்பியதும் லூப் பெரிசாகிவிடும். ஒரு நாள், "நாலு பிரேம், அஞ்சு பிரேம் இருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

என் மனைவி அன்று இரவு சமையலறையில் என்னை நிறுத்திவைத்துப் பேசினாள். அவளுடைய பெரியப்பா ஒருவர் இப்படித்தான் ஆரம்பித்தாராம். கடிகாரம் தப்பாக ஓடுகிறது என்று வீட்டில் எல்லோரிடமும் சண்டை பிடிப்பாராம். கடிகாரம் சரியாகத்தான் ஓடியதாம். இரண்டு வருஷத்தில் பெற்ற பெண்ணையே யார் என்று கேட்டாராம். "மாமா பால்காரனுக்குப் பணம் கொடுத்தாச்சான்னு இன்னிக்கு ரெண்டு தடவை கேட்டுட்டார்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

பால்காரனைப்பற்றி நானும் ஒரு நாளில் இரண்டு தடவை கேட்பதுண்டு. அதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கும் பயம் வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் மூலம் விசாரித்து, ஒரு நரம்பு டாக்டரிடம் சனிக்கிழமைக்கு டோக்கன் போட்டுவைத்தேன். அப்பாவிடம், "கால் மரத்துப்போறதுன்னு சொன்னீங்களே, அதைக் காட்டிட்டு வரலாம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

இதற்கிடையில் யந்திரத்தையும் நான் சும்மா விடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்குமேல் படித்தவனில்லை நான். அந்த இரண்டு வருஷத்திலும் பௌதிகம் எனக்கு எட்டாத கனி. இருந்தாலும் அக்கா பிள்ளை டெலிபோனில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். மின்சாரம் கொடுக்கிற அடாப்டரை மாற்றினேன். டெலிவிஷனில் 'கேம் மோடு' என்று ஒன்று இருக்கிறது; விளையாட்டுப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. டெலிவிஷன் சாதாரணமாகத் தனக்கு வருகிற படத்தை உடனே காட்டிவிடுவதில்லை. கல்யாணப் பெண்ணை உள்ளே உட்கார்த்திவைத்து அலங்கரிக்கிற மாதிரி, மெருகேற்றி, அசைவைச் சீராக்கி, அப்புறம்தான் வெளியே விடும். அதில் படம் பின்தங்கிவிடலாம். கேம் மோடைப் போட்டால் அலங்காரம் கிடையாது. வந்த கோலத்திலேயே படம் வெளியே வரும். அதையும் போட்டேன். நடிகைகளின் முகம் கொஞ்சம் வெளிறிப்போயிற்று. அப்பாவின் லூப் குறையவில்லை.

இந்தச் சமயத்தில் ஒரு படம் வந்து என்னை மேலும் குழப்பியது. அதில் நிஜமாகவே கோளாறு இருந்தது; என் கண்ணுக்கே தெரிந்தது. ஆரம்பத்தில் வாயும் வார்த்தையும் சரியாகத்தான் இருந்தன. போகப் போக விலகி, இடைவேளையில் கதாநாயகி அழுது முடித்து நாலு வினாடி கழித்து அழுகைச் சத்தம் வந்தது. கடைசிக் காட்சியில் வில்லன் துப்பாக்கியால் சுட்டு, கீழே விழுந்தவர் விழுந்து, போலீஸ் வந்து நின்ற பிறகு 'டுமீல்' என்றது. நான் வெற்றிப் பெருமிதத்தோடு, "இதுதானேப்பா நீங்க சொன்னது?" என்றேன்.

"இல்லை. இது வேற வியாதி. இது லூப்பு இல்லை. இது மோட்டார் ஓட்டம்" என்றார் அப்பா.

பெரியப்பாவின் கடிகாரம் ஞாபகம் வந்து எனக்கு வயிற்றைக் கலக்கிற்று.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று இப்போது தெரிகிறது. அந்தப் படத்துக்கு எங்களிடம் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றில் படம் சுத்தம், ஒலி கரகரப்பு. மற்றதில் ஒலி சுத்தம். பையன் சமர்த்தாக ஒன்றின் படத்தையும் ஒன்றின் ஒலியையும் எடுத்துக் கல்யாணம் செய்துவைத்திருந்தான். ஜாதகம் பார்க்கவில்லை. ஒரு தட்டில் படம் வினாடிக்கு 24 பிரேம் ஓட்டம், மற்றதில் 23.976. இந்தப் பின்னக் கணக்கு அமெரிக்காக்காரர்கள் செய்துவைத்த வேலை. 1953-ல் அவர்கள் கறுப்பு வெள்ளை டெலிவிஷனுக்கு வர்ணம் சேர்த்தபோது, பழைய ஓட்டத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டியிருந்தது. ஆயிரத்தில் ஒன்று என்ன பிரமாதம் என்று தோன்றும். ஒரு மணி நேரத்துக்கு 3,600 வினாடி. அதில் ஆயிரத்தில் ஒன்று மூன்றரை வினாடிக்குமேல் ஆகிறது. நம் படங்களோ இரண்டரை மணி ஓடுகிறவை. ஆகவே எப்போதும் ஒரே அளவாக இருக்கிற பிசகு ஒரு ஜாதி. நேரம் ஆக ஆக வளர்கிற பிசகு வேறு ஜாதி. முதலாவது, வழியில் எங்கோ ஏற்பட்ட தாமதம். இரண்டாவது, இரண்டு ஓட்டங்களின் வேகமே வேறு. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அப்பா அதைப் பத்து நிமிஷம் படம் பார்த்துச் சொல்லிவிட்டார். நான் அதையும் அவருடைய நோய்க் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மணி பன்னிரண்டு இருக்கும். கூடத்தில் அப்பா கட்டிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஹெட்போன் நாற்காலியின் கைமேல் கிடந்தது. ஏதாவது பாட்டுக் கேட்கலாம் என்று 'தில்லானா மோகனாம்பா'ளைப் போட்டேன். 1968-ல் வந்த படம், அப்பாவுக்கு உயிர். அவர் விழித்துக்கொள்ளக் கூடாதே என்பதற்காக ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கு அது வந்து பதினைந்து நாளில் நான் அதை மாட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் படத்தில் சிவாஜி கணேசன் நாதஸ்வரம் வாசிக்கிறாரே, அது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடைய வாசிப்பு. அவர்கள் மூச்சை இவர் கன்னத்தில் காட்டுவார். நம் சினிமாவே இரவல் குரலில் வளர்ந்த கலை அல்லவா? ஆனாலும் பொருத்தம் அசலாக இருக்கும். பக்கத்தில் டி. எஸ். பாலையா தவிலோடு உட்கார்ந்திருப்பார். நாதஸ்வரத்தில் விரல் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் என் போன்றவனுக்குத் தெரியாது. தவில் அப்படி இல்லை. கம்பு தோலில் படுகிற கணம் கண்ணுக்குத் தெரிகிறது; அந்தக் கணத்தில் சத்தம் வர வேண்டும்.

வரவில்லை. கம்பு பட்டு, எழும்பி, மறுபடி கீழே இறங்கத் தொடங்கியபோது 'தொம்' என்றது.

ஹெட்போனைக் கழற்றி அணைத்துவிட்டு, டெலிவிஷனில் சத்தத்தை மிக மெதுவாக வைத்துக் கேட்டேன். சரியாக இருந்தது. மறுபடி ஹெட்போன். மறுபடி தாமதம். மூன்று தடவை செய்து பார்த்தேன். பிறகு டெலிவிஷனை நிறுத்திவிட்டு, இருட்டில் உட்கார்ந்துகொண்டிருந்தேன். கட்டிலில் அப்பா சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அவர் இத்தனை நாளும் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் அவர் காதிலிருந்து ஹெட்போனை வாங்கி அணைத்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டிருக்கிறேன்.

காலையில் காபி சாப்பிட்டதும், "அப்பா, லூப்புன்னா என்ன?" என்று கேட்டேன்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதே இந்தக் கதையில் ஒரு பகுதி. கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு டூரிங் டாக்கீஸில் அப்பா ஒன்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே அந்த வேலையை விட்டு, கூட்டுறவுப் பண்டகசாலையில் சேர்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்த அப்பா சர்க்கரை மூட்டைக் கணக்கு எழுதுகிறவர். கொட்டகைக் கதைகளில் மணல் குவித்து உட்கார்ந்த தரை டிக்கெட்டும், மழையில் கூரை ஒழுகியதும், ஒரே புரொஜக்டர் என்பதால் ரீலுக்கு ரீல் இடைவேளை விட்டதும் எனக்குத் தெரியும். கதை எழுதுகிறவனுக்கு அவை போதும். இரண்டு கதைகளில் உபயோகப்படுத்திக்கொண்டும் இருக்கிறேன். அந்த யந்திரத்துக்குள் அவர் கை என்ன செய்தது என்று நான் கேட்டதே இல்லை.

அப்பா என் மனைவியைக் கூப்பிட்டு, தையல் மிஷின் டேப்பைக் கொண்டுவரச் சொன்னார். அதில் 15 அங்குலத்தை இரண்டு கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கை கேட்டு. இங்கதான் லைட்டு அடிக்கும், படம் திரைக்குப் போவும். படம் இங்க நின்னு நின்னு போவணும். வினாடிக்கு 24 தடவை நிக்கணும். நிக்காம ஓடினா திரையில ஒரே தீத்தல்தான் தெரியும். இந்தக் கை சவுண்டு ஹெட்டு. இங்க சின்ன லைட்டு ஒண்ணு பிலிம் ஓரத்துல இருக்கற கோட்டைப் படிக்கும். இங்க பிலிம் நிக்கவே கூடாது. வழுவழுன்னு ஓடணும். நின்னா சவுண்டு விக்கும். நின்னு போறதும் நிக்காம போறதும் ஒரே இடத்துல நடக்குமா?"

"நடக்காது."

"அதனாலதான் சவுண்டு ஹெட்டைக் கீழே தள்ளி வெச்சான். ஒரு படத்துக்கு உண்டான பேச்சு, பிலிம்ல அந்தப் படத்துக்குப் பக்கத்துல இருக்காது. 20 பிரேம் முன்னாடியே இருக்கும். பிரேமுக்கு முக்கால் அங்குலம். 20 பிரேமுக்கு 15 அங்குலம். ரெண்டுக்கும் நடுவுல தொளதொளன்னு ஒரு வளைவு விடணும். அதான் லூப்பு. லூப்பு கணக்கா இருந்தா வாயும் பேச்சும் சேரும்." டேப்பைத் தொய்யவிட்டுக் காட்டினார். "அவசரத்துல ரெண்டு பிரேம் கூட விட்டுட்டேன்னு வெச்சுக்க. பிலிம் சவுண்டு ஹெட்டுக்கு லேட்டா வரும். பேச்சும் லேட்டா வரும். முதலாளி கீழேருந்து கத்துவார், 'லூப்பு பெரிசுடா'ன்னு."

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சினிமாப் பிலிமில் படமும் பேச்சும் ஒரே நாடாவில் பதிந்தவை. அப்படிச் சேர்த்து அச்சிட்ட பிரதிக்கு அந்தத் தொழிலில் 'மேரீட் பிரிண்ட்' என்றே பெயர். தாலி கட்டின பிரதி. பிலிம் அறுந்து பத்துப் பிரேமை வெட்டி ஒட்டினாலும் கொஞ்சம் குதிக்குமே தவிர, அப்புறம் இரண்டும் சேர்ந்துதான் போகும். கம்ப்யூட்டரில் அந்தத் தாலி கிடையாது. ஒரே கோப்புக்குள் இருந்தாலும் படம் தனி, ஒலி தனி. ஒவ்வொரு துணுக்கின்மேலும், இது இத்தனையாவது வினாடியில் இத்தனையாவது பங்கில் வெளிவர வேண்டும் என்று தபால் முத்திரை மாதிரி குத்தியிருக்கும். புரோகிராம் அந்த முத்திரையைப் பார்த்து இரண்டையும் ஒரே நேரத்தில் அனுப்புகிறது. அதோடு அதன் பொறுப்பு தீர்ந்தது. பிறகு படம் ஒரு வழியில் போகிறது. ஒலி வேறு வழியில் போகிறது. புளூடூத் வழியில் போகிற ஒலியைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, ரேடியோ அலையில் அனுப்ப வேண்டும். வழியில் பொட்டலம் தவறினால் சத்தம் அறுந்துபோகுமே என்று ஹெட்போன் எப்போதும் கொஞ்சம் சரக்கைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் பிரித்துக் காதில் விடும். இந்தச் சம்பிரமத்தில் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுவது சகஜம். சில ஹெட்போன்கள் தங்கள் தாமதத்தை முன்கூட்டியே தெரிவித்துவிடும். அதற்கேற்பப் படத்தை நிறுத்தி அனுப்பிவிடலாம். எங்கள் வீட்டுக்கு வந்தது ஊமை. நான் திட்டித் தீர்த்த சின்னப் பெட்டியும் கோடியும் முழு நிரபராதிகள்.

ஐந்தில் ஒரு பங்கு வினாடியை ஒரு மனிதர் கண்டுபிடித்துக் குறைசொல்ல முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் 1998-ல் வெளியிட்ட ஒரு பரிந்துரையில் இதற்குக் கணக்கே இருக்கிறது. பேச்சு வாயை முந்திக்கொண்டு வந்தால், வினாடியை ஆயிரம் பங்காக்கி 45 பங்கு பிசகினாலே ஜனங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பிந்தி வந்தால் 125 பங்குவரை தெரிவதில்லை. ஏன் இந்தப் பாரபட்சம் என்று யோசித்தேன். அரசலாற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு இது விளங்காமல் போகாது. அக்கரையில் ஒருவர் துணியைக் கல்லில் அடிக்கிறார். துணி மேலே போன பிறகு சத்தம் வருகிறது. மின்னல் முதலில், இடி பிறகு. ஒலி வினாடிக்கு 340 மீட்டர்தான் போகும். உலகத்தில் சத்தம் காட்சிக்குப் பின்னால் வருவதைத்தான் நாம் பிறந்தது முதல் பார்த்திருக்கிறோம். ஆகவே அதைக் கொஞ்சம் மன்னித்துவிடுகிறோம். சத்தம் முந்துவது இயற்கையில் இல்லை.

ஆனால் மன்னிப்பதற்கும் எல்லை உண்டு. அதோடு அப்பா விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. காது மந்தமானவர்கள் பாதிப் பேச்சை வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அவர்கள் மட்டும் என்ன, நாம் எல்லோருமே அப்படித்தான். 1976-ல் மக்கர்க், மக்டனால்ட் என்ற இருவர் ஒரு பரிசோதனையைப் பிரசுரித்தார்கள். 'க' என்று சொல்கிற வாயின் படத்தோடு 'ப' என்ற ஒலியைச் சேர்த்துக் காட்டினால், பார்க்கிறவர்களில் மிகப் பலருக்கு 'த' என்று கேட்டதாம். கண் சொல்வதைக் காது தட்ட முடிவதில்லை. நல்ல காதுக்கே இந்தக் கதி என்றால், மந்தமான காதுக்குத் துணையாக நிற்கிற கண் ஒரு வார்த்தையும் காது வேறு வார்த்தையுமாகச் சொன்னால் கிழவர் என்ன செய்வார்? அப்பாவுக்கு நாங்கள் சத்தத்தைக் கொடுத்துவிட்டு உதடுகளைப் பறித்துக்கொண்டோம். சாயங்காலம் முழுவதும் அவர் கூடத்தில் எட்டடி தூரத்தில் உட்கார்ந்து, அக்கரையில் பேசுகிறவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தோம். கோடியில் ஒலியின் நேரத்தை முன்னும் பின்னும் தள்ளுகிற ஒரு ஏற்பாடு இருக்கிறது. ரிமோட்டில் ஒரு தட்டுத் தட்டினால் வினாடியில் 40-ல் ஒரு பங்கு நகரும். ஒலியை முன்னால் கொண்டுவருவது என்றால், நிஜத்தில் படத்தை அந்த அளவுக்குக் காக்கவைப்பதுதான். அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தவில் காட்சியைப் போட்டேன். ரிமோட்டை அவரே வாங்கிக்கொண்டார்.

ஒரு தட்டு. இரண்டு. அவர் பாலையாவின் கம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் தட்டில் எனக்குச் சரியாக இருக்கும்போல் தோன்றியது. ஹெட்போன் அவர் காதில் இருந்ததால் என் அபிப்பிராயத்துக்கு மதிப்பில்லை. ஏழாவது தட்டில் நிறுத்தினார். எட்டாவதைத் தட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, திரும்ப ஏழுக்கு வந்தார்.

"எவ்வளவு?" என்றார்.

திரையில் 0.175 என்று இருந்தது. பென்சிலால் கணக்குப் போட்டேன். வினாடிக்கு 24 பிரேம் என்றால் நாலு பிரேமும் கொஞ்சமும்.

"நாலு, அஞ்சுன்னு சொன்னேனே" என்றார் அப்பா. குரலில் பெருமை எதுவும் இல்லை. படத்தைத் தொடர்ந்து பார்த்தார்.

சனிக்கிழமை டோக்கனை ரத்துசெய்யலாம் என்று நான் நினைத்தேன். அப்பா காலையிலேயே குளித்து, வேட்டி கட்டி, தயாராகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். போனோம். டாக்டர் நல்ல மனிதர். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வரச் சொன்னார். கடிகாரம் ஒன்று வரைந்து பதினொன்று பத்து மணி காட்டச் சொன்னார். மூன்று வார்த்தைகளைச் சொல்லி, ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அதில் ஒன்று அப்பாவுக்கு வரவில்லை, எனக்கும் வரவில்லை. "என்ன உத்தியோகம் பார்த்தீங்க?" என்று டாக்டர் கேட்டதுதான் தாமதம், அவருடைய ஸ்டெதாஸ்கோப்பை மேஜையிலிருந்து எடுத்து லூப் போட்டுக் காட்ட ஆரம்பித்துவிட்டார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். வயசுக்கு இந்த மறதி இருக்கும், ஆறு மாதம் கழித்து ஒரு தடவை பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். காலைப்பற்றி யாரும் பேசவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மகாமகக் குளம் தாண்டியதும், "முதல் நாளே நீ அதைக் காதுல மாட்டிப் பார்த்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். நானும் பதில் சொல்லவில்லை. வீட்டு வாசலில் ஆட்டோக்காரருக்கு அவரே பணம் கொடுத்தார்.

புளூடூத்தில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஒவ்வொரு தடவை இணையும்போதும் தாமதம் அதே அளவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் ஏழு தட்டு வேண்டியிருக்கிறது. ஒரு நாள் ஆறு. மின்சாரம் போய் வந்த அன்று ஒன்பது. தாமதமே இல்லாத வேறு ரக ஹெட்போன், கம்பி வைத்தது, வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். சாயங்காலம் ஆறரைக்கு விளக்கேற்றியதும் நாற்காலியில் உட்கார்ந்து, தவில் காட்சியைப் போட்டு, முதலில் லூப் சரிபார்க்கிறார். அதற்குப் பிறகுதான் அன்றைய படம்.

நேற்று என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை என் காதில் மாட்டினார். ஒரு பிரேம் கூட்டினார், ஒரு பிரேம் குறைத்தார். "எது சரி?" என்று கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. முதலாவது என்று சொன்னேன். "கொட்டாயில உனக்கு வேலை கிடைச்சிருக்காது" என்று சொல்லி ஹெட்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.